யாருக்குத் தரமாட்டோம் என்ற வரி

மே 6, செவ்வாய்

முன்பு நான் பாடம் எடுத்த ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், லேபிள் இல்லாத பாட்டில்ல இருக்கிறது ஆசிடா தண்ணியான்னு எப்படித் தெரியும்?" தொட்டவர் கைக்குத்தான் தெரியும், தப்பு லேபிள் ஒட்டாதவர் மேல் என்றேன். இன்று அது நினைவுக்கு வரக் காரணம் தசரதன். பக்கத்து மாணவர் குடியிருப்பு அவருடையது. படிப்பு முடிந்து காலி செய்யும் பிள்ளைகளைப் பிடிக்க, அயனம்பாக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவர் கட்டடத்து லிஃப்டுக்குள் வரை டூலெட் ஒட்டுகிறார்களாம்.

"சாராள் டீச்சர், நீங்களே ரூல்ஸ் எழுதிக் குடுங்க. நான் சொன்னா சண்டைக்கு வர்றானுங்க."

நான்கு எழுதினேன். படிக்கட்டுப் பலகையில் மட்டும் ஒட்ட வேண்டும். தரகர் கூடாது, வீட்டுக்காரர் பெயரும் எண்ணும் வேண்டும். வாடகையையும் முன்பணத்தையும் மறைக்கக் கூடாது. யாருக்குத் தரமாட்டீர்கள் என்று எழுத வேண்டும். எழுதாத காரணத்துக்காக வாசலில் வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

மே 9

பதினொரு காகிதங்கள். பத்தில் நான்காவது வரி காலி. மேனாம்பேடு கோவிந்தராஜ் மட்டும் எழுதியிருக்கிறார்: "எல்லோரும் வரலாம்."

மே 14

தசரதன் கட்டடத்து இரண்டாம் மாடி மஹீரா வந்தாள். ஆம்பூர்ப் பெண். இங்கே தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துவிட்டது. இனி மாணவி இல்லை என்பதால் 31க்குள் அறையை விட வேண்டும். வீடு கிடைக்காவிட்டால் அப்பா ஊருக்கு அழைத்துப் போய்விடுவார், வேலை போகும். ஐந்தாவதாகக் கோவிந்தராஜ் வீட்டுக்குப் போனாளாம்.

"பேர் கேட்டாரு டீச்சர், சொன்னேன். உடனே அண்ணன் பையனுக்குக் குடுத்துட்டேன்னாரு. அவ்ளோ சீக்கிரம் ஒரு அண்ணன் பையன் பொறந்து நான் பார்த்ததேயில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மே 16

கோவிந்தராஜின் காகிதம் இன்னும் பலகையில் இருந்தது. எடுத்துவிட்டேன். மாலையில் என் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, நீ இன்னா கலெக்டரா? உன் ஊட்டு மாடி ரெண்டு வருசமா பூட்டித்தானே கீது? அந்தப் பொண்ணுக்கு நீ குடேன்!"



மே 17

அவர் கேட்டதில் என்ன தப்பு? எனக்கு ஏன் தோன்றவில்லை?

தோன்றியது. அதுதான் உண்மை. மகன் ஜெர்வின் போனில், "நம்ம சர்ச் ஆளுங்களா பாரும்மா, தலைவலி இல்ல" என்றபோது சரி என்றவள்தானே நான். கேட்பவர்களிடம் மாடியில் குழாய் சரியில்லை என்பேன். குழாயைப் போன கிறிஸ்துமஸுக்கே மாற்றியாயிற்று —

மே 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து என் காகிதத்தை எழுதினேன். வாடகை, பெயர், எண் எல்லாம் இரண்டு நிமிடம். நான்காவது வரியில் "எங்கள் சபை அல்லாதவர்களுக்கு" என்று எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. வாசித்தேன். அடித்தேன். வேறு தாள் எடுக்க மனம் வரவில்லை, அப்படியே ஒட்டினேன்.

மே 20

மஹீரா வந்தாள். "அடிச்ச வரியில என்ன டீச்சர் இருந்துச்சு?"

சொன்னேன்.

"ஆறாவது வீடு. நீங்க ஒருத்தர்தான் காரணத்தை என் மூஞ்சிக்கு நேரா சொல்றீங்க."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"மேல ஒருவாட்டி பார்க்கலாமா?" என்றாள்.

மே 30

மஹீராவின் சாமானை மாடிக்கு ஏற்றியாயிற்று. ஜெர்வின் இன்னும் பேசவில்லை.

பலகையின் அடியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: ஒட்டுவதற்கு முன், நான்காவது வரியை உங்கள் கையால் எழுதி, ஒருமுறை உரக்க வாசியுங்கள்.