சிரிக்கிற போட்டோவுக்குப் பதிலாக

மாதா துணை

அன்பு மகன் ஃபிராங்க்ளினுக்கு அம்மா சொல்ல, தங்கச்சி ஜெபிஷா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் சுகமாய் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன். காற்று ஓயவில்லை, அப்பா இந்த வாரம் முழுக்கச் சங்கு குளிக்கப் போகவில்லை, வீட்டில் சும்மா இருந்து எல்லார்மேலும் எரிந்து விழுகிறார். கடைக்கார லிங்கராஜ் அண்ணாச்சி நாளைக்கு மஸ்கட் வருகிறார், அவரிடம் மக்ரூனும் கருவாடும் கொடுத்துவிடுகிறேன், வாடை ஏறாமல் இருக்க இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வைத்திருக்கிறேன். உனக்குப் பேசியிருக்கிற பெண்வீட்டார் வருகிற ஞாயிறு நம் வீடு பார்க்க வருகிறார்கள். பெண்ணின் அப்பா நாகர்கோவிலில் பெரிய பல் டாக்டர் அல்லவா, தங்கச்சி வாயில் நீ போட்ட கம்பியைப் பார்த்தாலே உன் கைவேலை அவருக்குத் தெரிந்துவிடும். நீ கேட்ட போட்டோ இதோடு இருக்கிறது, தங்கச்சி நன்றாகச் சிரித்திருக்கிறாள். பல் ஆடுகிறது என்று அவள் சிணுங்கிக்கொண்டே இருக்கிறாள், ஆனாலும் நீ சொன்னபடி வேறு எந்த டாக்டரிடமும் கூட்டிப் போகவில்லை.

இதுவரை அம்மா சொன்னது. இனி எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. உறையை ஒட்டி டப்பாவில் வை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள், நான் ஒட்டவில்லை. அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னறையில் அப்பா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இதை ஏன் ஃபோனில் சொல்லவில்லை என்று கேட்காதே. சொன்னேன். அம்மா ஃபோனிலிருந்து நான் அனுப்பியதைப் படித்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை பதில் போடாமல் அம்மாவைக் கூப்பிட்டு, “அவ கையில ஃபோனக் குடுக்காதீங்கம்மா, கண்டதையும் பாத்துப் பயந்து சாவுதா” என்று சொன்னாய். அன்றைக்கு எனக்கு அடி விழுந்தது. இந்தக் காகிதத்தை நீ கிழித்துப் போடலாம், ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

எங்கள் பள்ளியில் பல் முகாம் நடந்தது. சரண்யாதேவி என்று ஒரு டாக்டர் வந்திருந்தார். என் முறை வந்ததும் “கம்பி யாரும்மா போட்டா?” என்று கேட்டார், நான் பெருமையாக “எங்க அண்ணன், அவனும் டாக்டர்தான்” என்றேன். பின்னால் நின்ற அனிஷா, “டாக்டர், இவ வாயிதான் அவங்க அண்ணனுக்குப் பரீட்சப் பேப்பரு” என்றாள், வரிசையே சிரித்தது, டாக்டரும் சிரித்தார். பிறகு என் முன்பல்லை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவே இல்லை. சாயங்காலம் கிளாஸ் டீச்சரோடு தன் கிளினிக்குக்கு வரச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். வெளியே தெரிகிற பல்லைவிட உள்ளே இருக்கும் வேர் நீளமாக இருக்க வேண்டுமாம். என் மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் பாதி வேர்தான் மிச்சம், மழையில் நனைந்த உப்புக் குவியல் மாதிரி நுனி மழுங்கிக் கிடக்கிறது. வலித்ததா என்று கேட்டார், இல்லை என்றேன். “வலிக்காது, அதான் இதுல மோசம், படம் எடுத்தாத்தான் தெரியும்” என்றார். நல்ல டாக்டர் கையிலும் சிலருக்கு இப்படி வேர் கரையும், அதற்காக மட்டும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றும் சொன்னார். உனக்குச் சாதகமாக அவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் இடையில் படம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், கரைவது தெரிந்த உடனே இழுப்பதை நிறுத்தியிருக்க வேண்டும், “நடுவுல எப்ப எடுத்தாரு உங்க அண்ணன்?” என்று கேட்டார். எடுக்கவே இல்லை என்று சொல்லும்போது நீ படவேண்டிய வெட்கத்தை நான் பட்டேன்.

பல்லை இழுக்கக் கம்பியில் மாட்டுகிற ரப்பரைப் பற்றியும் கேட்டார். பக்கத்துக்கு இரண்டு என்றதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். யார் போடச் சொன்னது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான்கு பல்லைப் பிடுங்கி, கம்பி மாட்டி, படிப்பு முடிந்ததும் மஸ்கட்டுக்குப் போய்விட்டாய். லீவில் ஒரே ஒரு தடவை வந்து கம்பியை மாற்றினாய். மற்றதெல்லாம் வீடியோவில்தான். உன் நிச்சயத்துக்கு முன்னால் பல் பிடுங்கிய இடைவெளி மூடிவிட வேண்டும் என்று, “ஏளா, ரெண்டு ரெண்டா மாட்டு, ஒன்ன மாட்டுனா ஆம மாதிரில்லா நவுருது” என்று நீதான் சொன்னாய். பல் ஆடுகிறது என்று நான் கேமராவுக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். நீ சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு, “கம்பி போட்டா ஆடத்தான் செய்யும், என் கேஸு எனக்குத் தெரியாதா” என்று சிரித்தாய். என் பெயர் ஜெபிஷா. உன் பரீட்சைக்கு என் வாயைப் படம் எடுத்துக் காட்டிய நாளிலிருந்து நீ என்னைக் கேஸ் என்றுதான் கூப்பிடுகிறாய். அப்போது எனக்கு அது செல்லப் பெயர் மாதிரி இருந்தது.

டீச்சர் அம்மாவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். அம்மா உன்னிடம் கேட்டாள். நீ கொஞ்சம்கூட யோசிக்காமல் நான் கடலை மிட்டாயைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டாய். கம்பி போட்ட நாளிலிருந்து நான் கடலை மிட்டாயைத் தொட்டதில்லை, நீ வாங்கி வந்த முந்திரியைக்கூட அனிஷாவுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மா என்னை நம்பவில்லை. “கூடப்பொறந்தவன் உனக்குக் கெடுதல் செய்வானாளா? அந்த டாக்டரம்மாவுக்கு அவம்மேல பொறாம” என்றாள். அவள் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பது உனக்கே தெரியும். சங்கு குளிக்கிறவன் மகன் டாக்டர் என்று இந்தத் தெருவில் சொல்லிச் சொல்லித்தானே தலை நிமிர்ந்து நடக்கிறாள். அப்பாவிடம் போனேன். “அவன் படிச்சவன்ளா, நம்ம என்னத்தக் கண்டோம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் படிப்புக்கு இந்த வீட்டில் எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்கு உன் படிப்பைப் பற்றிப் பயமில்லை, என் பல்லைப் பற்றித்தான் பயம். நாக்கு முன்பல்லில் படாமல் மடக்கி வைத்துக்கொண்டு தூங்கப் பார்க்கிறேன். விழித்ததும் முதலில் தலையணையில் பல் கிடக்கிறதா என்று பார்க்கிறேன். அம்மா பார்க்கும்போது மட்டும் ரப்பரை மாட்டுகிறேன், பள்ளிக்கூட வாசலில் கழற்றிவிடுகிறேன்.

இழுப்பதை நிறுத்தினால் கரைவதும் நின்றுவிடும், போன வேர் திரும்ப வளராது, இருக்கிற வேரை வைத்துப் பல்லைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடாமல் கம்பியில் கை வைக்க மாட்டாராம். நீ சொன்னால் அம்மா போடுவாள், வேறு யார் சொன்னாலும் போட மாட்டாள். அதனால் சனிக்கிழமைக்குள் அம்மாவைக் கூப்பிட்டு நீயே சொல்ல வேண்டும். கடலை மிட்டாய் இல்லை, நான்தான் பார்க்காமல் விட்டேன் என்றும் சொல்ல வேண்டும். கம்பி போடுவதற்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரே உன் லேப்டாப்பில் இருக்கும், அதையும் சரண்யாதேவி டாக்டருக்கு அனுப்பு, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். அதை அனுப்ப உனக்கு ஏன் பயம் வரும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். அப்போதே என் வேர் குட்டையாக இருந்து, அது தெரிந்தேதான் நீ கம்பி போட்டாயா? இதற்கு மட்டும் பொய் சொல்லாதே.

அம்மா வைத்த சிரிக்கிற போட்டோவை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக டாக்டர் கொடுத்த எக்ஸ்ரே படத்தை வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார், உனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் இருந்த ரப்பர் பாக்கெட்டையும் மக்ரூன் டப்பாவுக்குள் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை வரை நீ கூப்பிடவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை அம்மா சொல்கிறபடி நான் நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு அந்தப் பெரிய டாக்டர் முன்னால் காப்பித் தட்டோடு நிற்பேன். அவர் உன் கைவேலையைப் பார்க்க வாயைத் திறக்கச் சொல்வார். நான் திறந்து, முன்பல்லைத் தொட்டுப் பாருங்கள் மாமா என்று சொல்வேன். அதற்குப் பிறகு அம்மா என்னை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்வேன். உன் கல்யாணம் நின்றுபோக வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை, என் பல் எனக்கு வேண்டும்.

முடிவில் எழுதச் சொல்லி அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போகிற வழியெல்லாம் மாதா உனக்குத் துணையாக நடக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும், மக்ரூனை ஈரம் படாமல் மூடி வை, சாப்பிட்டதும் வாயைக் கொப்பளி.

இப்படிக்கு, தங்கச்சி என்று போடுவதா, உன் கேஸ் என்று போடுவதா என்று சனிக்கிழமைதான் தெரியும்,
ஜெபிஷா