கிணற்றடிப் பற்றை

என் அன்பு அக்காவுக்கு,

நீ கண்மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது. இந்த மாரியில் மண் நன்றாக ஊறியிருக்கிறது. நாயுண்ணிச் செடியை வேரோடு இழுக்க இதுதான் வாய்ப்பான நேரம்.

துறைமுகத்துக்கு மேலே, நாம் குளிக்கப் போகும் கிணற்றைச் சுற்றி ஒரு காடு இருக்கிறதல்லவா? பாலை, வீரை மரங்கள் நிற்கும் இடமெல்லாம் நாயுண்ணி ஏறிவிட்டது. அதன் கீழே ஒரு மரக்கன்றும் தலைதூக்க முடியவில்லை. வாசிகசாலையில் சலீம் நானா ஆள் சேர்த்தார். ஞாயிறுதோறும் ஊரார் கூடிச் சிரமதானம். மருந்து அடித்தால் சுருக்காக முடியும் என்று சிலர் சொன்னார்கள். "குடிக்கிற தண்ணிக்குப் பக்கத்தில மருந்தா? கை இருக்கு, அலவாங்கு இருக்கு" என்று நானா மறுத்துவிட்டார்.

தாவரவியலில் பட்டம் வாங்கியவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். எது கன்று, எது களை என்று விரலால் காட்டுவேன். பேச்சு அவ்வளவுதான். கடையில் சீனி கேட்பதற்கும் உன் முதுகுக்குப் பின்னால் நின்றவள்தானே நான்?

போன ஞாயிறு கிணற்றடிக்கு வந்துவிட்டோம். அங்கே நாயுண்ணிப் பற்றை ஆளுயரம். அதற்கு அப்பால் தெரு. கரையோரத்துப் பெண்கள் வாளியும் மாற்றுடுப்புமாக வந்து, பொடியன்கள் வேரைக் கிளப்ப அலவாங்கை ஊன்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குறுக்குக்கட்டோடு குளிக்கும் இடம் இது என்று அத்தனை ஆண்களுக்கு முன்னால் யார் சொல்வது? அந்த மறைப்புப் போனால் அவர்கள் எங்கே போவார்கள்?

நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன் அக்கா. உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன். பிறகு நானே சொன்னேன்.

"நானா, இதை இண்டைக்குப் புடுங்க ஏலாது."

"ஏன் தங்கச்சி? விட்டா காய் விழுந்து திரும்பவும் முளைக்குமெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓம், சொன்னனான். ஆனா இந்தப் பொம்பிளையளுக்குக் குளிக்க மறைப்பு இதுதான். முதல்ல கிடுகு வேலி கட்டுவம். பிறகு புடுங்குவம்."

நானா தலையைக் குனிந்துகொண்டார். "எங்கட கண்ணுக்கு இது படல்லியே" என்றார். மீன் விற்கும் பூமணி மாமிதான் முதலில் சிரித்தார். "அடியே, உனக்கும் வாய் இருக்கே! படிச்சுப் படிச்சுத் தேய்ஞ்சுபோச்செண்டெல்லோ நினைச்சம்." பிறகு பொடியன்கள் பக்கம் திரும்பினார். "டேய், இன்னும் என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? போங்கோடா, நாங்கள் முழுகவேணும்!"

கிழமை முழுக்கப் பெண்கள் தென்னோலையில் கிடுகு பின்னினார்கள். நேற்று நானாவின் ஆட்கள் கம்பு நட்டு வேலி கட்டினார்கள். இன்று காலை அந்தப் பற்றை வேரோடு வந்தது. பின்னேரம் வேலிக்கு உள்ளே நின்று குளித்தேன். தெருவில் சைக்கிள் மணி கேட்டது, ஆளைத் தெரியவில்லை. உன் பங்குக்கும் ஒரு வாளி ஊற்றிக்கொண்டேன். குளிர்ந்ததா உனக்கு?

அடுத்த மாரிக்குள் கிடுகு உக்கி உதிர்ந்துவிடும். புது வேலி கட்ட ஆள் கேட்டு நானே நானாவின் வீட்டுக்குப் போவேன், அக்கா. கேட்கும்போது குரல் நடுங்கினால், நடுங்கட்டும்.

உன் ஒரே தங்கச்சி,
சிவமதி