மெருகு நீக்கிய தரை

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நீ கடை கடையாய் ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த வெள்ளை மார்பிளை இன்னும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். "பாத்ரூமா, அரண்மனையா?" என்றார் எதிர்வீட்டு டீச்சர். எனக்கும் தலைகால் புரியாத பெருமைதான்.

ஆனால் இடுப்பெலும்பு முறிந்து எழுந்த பிறகு அப்பா அந்த அரண்மனைக்குள் தனியாகப் போவதில்லை. ஈரம் பட்டால் தரை வழுக்குகிறது. சுவரில் கைப்பிடி இருக்கிறது. காலுக்குத்தான் பிடிமானம் இல்லை. விரிப்பு போட்டால் தடுக்குகிறது. உன் அத்தான்தான் பிடித்துக்கொண்டு குளிக்க வைக்கிறார், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு.

நேற்று அப்பா, "அத்தனை வருஷம் ரயில் ஓட்டினவன்மா நான். இப்ப என்னைக் குளிப்பாட்ட ஒரு ஆள் வேணும், பாரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் தரையின் மெருகை மட்டும் தேய்த்து எடுக்கச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வேலை. சுவரைத் தொடமாட்டேன்.

அன்புடன்
அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது வியாழக்கிழமை போயே போய்விட்டது. நீ என்னிடம் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

ரயில்வே குவார்ட்டர்ஸில் பொதுக் குளியலறைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர் அப்பா. அவர் முகம் தெரிகிற தரையில் அவர் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். தேய்ப்பதானால் சிமெண்டே பூசியிருக்கலாமே? இங்கே எல்லோரிடமும் அந்தப் பளபளப்பின் படத்தைக் காட்டி வைத்திருக்கிறேன்.

கோபம்தான். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

மார்ச் 27

கோபக்காரத் தம்பிக்கு,

திட்டி முடித்தாயா? இப்போது கேள்.

வெள்ளை அப்படியே இருக்கிறது, மினுக்கம்தான் இல்லை. மெருகு போன கல் கறையைச் சீக்கிரம் குடித்துவிடும் என்று காப்புப் பூச்சு பூசியிருக்கிறது. அதற்கு அப்பாதான் இப்போது காவல். தரையில் தண்ணீரைச் சொட்டவிட்டு, முத்தாக நிற்கிறதா, உள்ளே இறங்குகிறதா என்று பார்க்கிறார். பாத்ரூம் கழுவ வந்த வேலைக்கார அம்மா ஆசிட் பாட்டிலோடு நுழைந்தபோது, "ஆசிட்டா! கல்லு வெந்துபோயிடும், வெளிய வை!" என்று ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார். மெல்லிய சோப்பு நீர், துணி, அவ்வளவுதான் அனுமதி. உன் அத்தான் குளித்துவிட்டு ஈரத்தைத் துடைக்காமல் வந்தால், "மாப்பிள்ளை, திரும்பிப் போங்க!"

ஞாயிற்றுக்கிழமை அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் உள்ளே போனார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. உன் அத்தான் பதறி எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். (அந்தத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கலாம் என்று அப்பாவிடம் சொல்லவில்லை.) எவ்வளவு நேரம் அந்தக் கதவையே பார்த்தபடி இருந்தேனோ! தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் எங்களைப் பார்த்து, "என்ன, கியூவா? போங்க, அடுத்த ஆள் போகலாம்" என்றார்.

அவர் நடந்து போனதை நீ பார்த்திருக்கவேண்டும், தம்பி. எஞ்சினிலிருந்து இறங்கிப் போவாரே, அந்த நடை.

அன்புடன்
அக்கா

ஏப்ரல் 8

அக்கா,

உன் கடிதத்தை ஆபீசில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். பழைய படத்தை அழித்துவிட்டேன்.

வேறொரு படம் எடுத்து அனுப்பு. தரை வேண்டாம். அப்பா உள்ளே இருக்கும்போது, மூடிய கதவு மட்டும் போதும்.

உன் தம்பி