சூனியக்காரிக்கு எங்கள் சொல்

ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில் ஒரு பள்ளி விழாவைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். நடைபாதையில் சூடாக்கியின் மேல் நனைந்த கம்பளிக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்த ஈரக் கம்பளி மணம் பட்டதும் உங்கள் சனிக்கிழமை வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது, ரீச்சர். நீங்கள் காலமாகி இரண்டு பனிக்காலம் ஆகிறது.

வயதில் என்னைவிட இளையவர் நீங்கள். ஆனாலும் எல்லோரையும் போல நானும் ரீச்சர் என்றே கூப்பிட்டேன். நீங்கள் என்னை அண்ணை என்றீர்கள். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்துச் சமையலறை, சனிக்கிழமையில் தமிழ் வகுப்பு. இரண்டாயிரத்துகளின் நடுவில் அந்த வகுப்பைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்தேன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். நோர்வேப் பள்ளியில் ஆங்கிலப் பாடத்துக்கு அவர்களுக்கு ஒரு நாடகம்: அமெரிக்கா பிரித்தானியரின் குடியேற்றமாக இருந்த காலத்தில், சூனியக்காரிகள் என்று சொல்லிப் பலரைத் தூக்கிலிட்ட வழக்குகள். குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்னொருவர் பெயரைச் சொன்னால் உயிர் தப்பலாம். "சரியான ஷெடெலி, ரீச்சர்," என்றான் ஒருவன். அலுப்பு என்பதற்கு அவர்களுடைய நோர்வேச் சொல். அப்படியென்றால் இன்றைக்கு இலக்கணம் வேண்டாம் என்றீர்கள்.

ஆளுக்கொரு மடித்த தாள் கொடுத்தீர்கள். சிலதில் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி இருக்கும், அவர்கள் சூனியக்காரர் என்றீர்கள். தாளை ஒருவருக்கும் காட்டாமல், புள்ளடி இல்லாதவர்களை மட்டும் சேர்த்துக் குழு அமைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வகுப்பு சந்தையானது. கண்ணைப் பார்த்துக் கதைக்காதவன், அதிகம் சிரித்தவள், திராமன் நகரிலிருந்து புதிதாக வந்தவன் என்று ஒவ்வொருவராகத் தள்ளிவைத்தார்கள். "இவன்ர முழியே சரியில்லை, ரீச்சர்." பிறகு தாள்களை விரிக்கச் சொன்னீர்கள். ஒன்றிலும் புள்ளடி இல்லை.

"இப்பிடி ஒரு ஆளைத் தள்ளிவைக்க எங்கட சனம் என்ன சொல் சொல்லுறது?" என்று கேட்டீர்கள். சூனியக்காரி, செய்வினைக்காரி என்று சிலர் முயன்றார்கள். யன்னலோரத்துப் பிள்ளை ஒருத்தி தன் வெறும் தாளைப் பார்த்தபடியே சொன்னாள்: "துரோகி."

அந்த ஆண்டுகளில் ஒஸ்லோவில், ஊரில் போர் நடத்திய இயக்கத்தைக் கேள்வி கேட்டவர்களுக்கு ஒட்டும் சொல் அது; அது ஒட்டிய வீட்டுக்கு எங்கள் ஆட்கள் பிறந்தநாளுக்கும் போகமாட்டார்கள். நீங்கள் கரும்பலகையில் சூனியக்காரிக்குப் பக்கத்தில் அதையும் எழுதினீர்கள்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நிர்வாகத்திலிருந்து இருவர் வந்தார்கள். அந்தச் சொல்லைச் சொன்னது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டும் என்றார்கள். பெயர் வெளியே வந்தால் அவளுடைய தகப்பனுக்கு அடுத்து ஒட்டப்போவது எந்தச் சொல் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதலில் என்னைக் கேட்டார்கள். எழுதிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை என்றேன். உங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"பேர் தெரியும். சொல்லமாட்டன்."

குரல் உயரவில்லை. மேல்வகுப்புக்குத் தொடர்ந்து படிப்பிக்க வேண்டுமென்றால் சொல்லத்தான் வேண்டும் என்றார்கள். சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டுக் குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினீர்கள்.

பஸ் தரிப்பிடத்தில், நல்லது செய்துவிட்ட நினைப்பில் நின்றேன். "அண்ணை, அவளைக் காப்பாத்தத்தான் சொன்னனீங்கள், விளங்குது," என்றீர்கள். "ஆனா காதில விழேல்லை எண்டு சொன்னால், அவள் சொல்லவே இல்லை எண்டு ஆகிடும். அவள் சரியாத்தானே சொன்னவள்."

அதன்பின் உங்களுக்குக் கிடைத்தது பாலர் வகுப்பு. அதே கவனத்தோடு அ, ஆ எழுதப் பழக்கினீர்கள். ஒருநாளும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

என் கட்டுரைகளுக்குச் செய்தி தந்தவர் யார் என்று பிறகும் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள்: தொலைபேசியில், கோயில் வாசலில், ஒருமுறை ஸ்தவாங்கர் போகும் ரயிலில். தெரியாது என்பது எளிது. தெரியும் என்றுதான் சொல்கிறேன், சொல்லமாட்டேன் என்றும். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான் சொல்கிறேன். அன்றைக்கு உங்களுக்கும் பயமாக இருந்ததா என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.