மேசை துடைத்தவள்

என் வீட்டு மகாராசாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். உங்கள் முட்டிவலியும் தொப்பையும் சுகமா?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீங்க. ஓட்டல் சமையலறையில் தட்டுகளை உடைத்தது நான். வாயைத் திறக்குமுன்னே பாத்திரம் கழுவுற அக்கா, "நான்தான் சார்"னு சொல்லிட்டாங்க. சூப்பர்வைசர் அவங்களை ஓங்கி அறைஞ்சான். நமக்காக ஒருத்தர் அடி வாங்கின கதையை ஞாயிறுதோறும் கேட்டிருக்கேன், கண்ணால் பார்த்தது இப்போதான்.

கோபம் தலைக்கேறியது. ஆனா என் பாஸ்போர்ட் அவன் பெட்டியில், அதில்லாம ஊருக்கு வர முடியாது. இயேசு கோபப்பட்டு ஆலயத்தில் வியாபாரிங்க மேசையைக் கவிழ்த்தார். நான் மேசையைத் துடைச்சிக்கிட்டு நின்னேன்.

"உனக்குப் பிள்ளைங்க இருக்காங்கடி, விடு"ன்னு அக்கா சிரிக்கிறாங்க.

அவங்க கன்னம் வீங்கியிருக்கு, தைலம் அனுப்புங்க. பாஸ்டரிடம் ஒண்ணு கேட்டு எழுதுங்க: இயேசுவோட கோபம் பாவமில்லை, சரி. கோபத்தை முழுங்கிட்டு நின்னது பாவமா?

மணி அடிச்சிட்டாங்க. மேசை துடைக்கப் போகணும்.

உங்கள் வாயாடி