கார் ஷெட்டுக்கு ஆறு பிளக் பாயின்ட்

மார்ச் 3, செவ்வாய்

நான் மரச்சாமான் பழுதுபார்க்கும் கார் ஷெட்டில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதுவும் கதவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில். மரம் தேய்க்கும் மெஷினைப் பிடுங்கினால்தான் டிரில்லரைச் செருக முடியும். இன்று ஒரு பழைய நாற்காலியைச் சரிசெய்து முடிப்பதற்குள் பதினோரு முறை குனிந்து எழுந்தேன். நாற்காலிக்குக் கால் வந்துவிட்டது, எனக்கு இடுப்பு போய்விட்டது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். கணக்கு வாத்தியார் சொன்னால் சொன்னதுதான். எந்த வருஷம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

ஷெட்டுக்கு ஒயரிங் படம் வரைந்திருக்கிறார். ஸ்கேல் வைத்து, மூன்று வண்ணத்தில். வேலை முடிகிறவரைக்கும் சமாளி என்று சமையலறை ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துவிட்டார்.

மார்ச் 11, புதன்

படத்துக்கு இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. ஒயர் ஜன்னலிலேயே இருக்கிறது.

மார்ச் 14, சனி

இன்னைக்கு எழுத்தே கோணல்மாணலா வருது.

பசை உருக்கும் அடுப்பு, விளக்கு, தேய்க்கும் மெஷின், மூணும் அந்த ஒரே ஒயரில். ஏதோ தீய்ஞ்ச வாடை. பசைதான்னு நினைச்சேன். திரும்பிப் பார்த்தா எக்ஸ்டென்ஷன் பெட்டி உருகி வழியுது, கீழே மரத்தூள் புகையுது. சமையலறைக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்கினேன். ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். வார்னிஷ் டப்பா ரெண்டடி தள்ளித்தான் இருந்தது. நான் வெளியே போயிருந்தா?

அவர் வந்து உருகிய பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உங்கள் தங்கையைக் கூப்பிடப் போகிறேன் என்றேன்.

"உன் நாத்தனாரை நீ கூப்பிடுறே. வேண்டாம்னு சொல்ல நான் யாரு?"

என் நாத்தனார் எலக்ட்ரீஷியன். மூன்று வருஷத்துக்கு முன்னால், கூடத்தில் இவர் கைப்படப் போட்ட சுவிட்ச் போர்டைப் பார்த்துவிட்டு, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், இதைத் தொடுகிறவர்கள் உயில் எழுதிவிட்டுத் தொடுங்கள் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது.

மார்ச் 15, ஞாயிறு

அரை மணியில் வருகிறேன் என்றவள் இருபது நிமிஷத்தில் வந்து நின்றாள். உடனே சுவரைத் தொடவில்லை. என்னை மேசை முன்னால் நிறுத்தினாள்.

"அண்ணி, கண்ணை மூடிட்டு டிரில்லரை எடுங்க. கை எங்க போகுது?"

கை போன இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. இப்படி ஒவ்வொரு மெஷினுக்கும். கடைசியில் மேசைக்கு மேலே நான்கு, கதவருகே ஒன்று, ஒயர் காலில் சிக்காதபடி கூரையிலிருந்து ஒன்று என்று முடிவாயிற்று.

அவர் ஷெட் வாசலில் பேப்பரின் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். மெயினிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லச் சொன்னாள். எத்தனை மீட்டர் என்று அவளைக் கேட்கச் சொன்னார். இருவருக்கும் நடுவே நாலடி தூரம். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 21, சனி

சுவரில் ஒயருக்கான பைப் அடிக்கும்போது அவருடைய படம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். நெடுநேரம் பார்த்தாள். அளவெல்லாம் சரியாக இருக்கிறது, நானும் இந்த உயரத்தில்தான் போட்டிருப்பேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பேப்பருக்குப் பின்னால் இரண்டு காதும் சிவந்தன.

பிறகு கூரைக்கு ஒயர் இழுக்க, பக்கத்திலிருந்த ஸ்டூலில் காலை வைத்தாள்.

"குட்டி, அதுல ஏறாதே. அவ ஒட்டின பசை இன்னும் காயல. ஏணி எடுத்துட்டு வர்றேன்."

குட்டிக்கு வயது நாற்பத்தாறு. என் வேலைப்பாட்டை இப்படி மட்டம் தட்டியதற்கு வேறொரு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இன்று டீ போடுவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஜன்னல் திறந்திருந்தால் நான் என்ன செய்ய?

"அன்னைக்கு அந்த போர்டைப் பத்தி நீ சொன்னது... சரிதான்."

"சொன்னது சரிதாண்ணா. நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது."

எட்டிப் பார்த்தேன். அவள் மேலே திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கையால் பிடிக்க வேண்டிய ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்று மெஷினும் ஒரே நேரத்தில் ஓடின. ஒரு தடவைகூடக் குனியவில்லை. கூடத்து போர்டை அவரே கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பக்கத்துத் தெரு மாவரைக்கும் கடையில் ஒயரிங் வேலையாம். காலையில் நாத்தனார் ஸ்கூட்டரில் வந்தாள். பின்சீட்டில் இவர் ஏறிக்கொண்டார், மடியில் கருவிப் பை, தோளில் நீளமாக நான்கு பைப். கேட்டைத் தாண்டும்போதே, பைப்பை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை என்று அவள் திட்டத் தொடங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கும் வாத்தியார் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே போனார். திருப்பத்தில் மட்டும் என் பக்கம் திரும்பி, மத்தியானம் மூன்று பேருக்குச் சமைக்கும்படி சொன்னார்.