அரிசி டப்பாவிலிருந்த சாவி

ஸ்டெல்லா,

டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். வஞ்சிரக் குழம்பு வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. பதினோரு மணிக்கு கேஸ் ட்யூப் மாத்த ஆள் வருவார்.

கிரில் கதவுச் சாவியைத் திருடன் கண்ணுல படக்கூடாதுன்னு நான்தான் அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சேன். "நெருப்புப் புடிச்சா அரிசியிலயா துழாவுவீங்க?"ன்னு நீ கேட்டதுக்கு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தேன். இன்னிக்கு நீ காலைப் பூசைக்குப் போனப்புறம், கண்ணை மூடிக்கிட்டு ஒத்திகை பார்த்தேன். புகையில்ல, பயமில்ல, அப்படியும் ஆறு நிமிஷம் ஆச்சு. அதுல ரெண்டு நிமிஷம் உளுந்து டப்பாவுல துழாவிக்கிட்டு இருந்தேன். நீ சொன்னதுதான் சரி. சாவியைக் கதவுக்குப் பக்கத்துல ஆணியடிச்சு மாட்டிட்டேன்.

நெல்சன்

இன்னொண்ணு: கதவைத் திறந்து மூணு மாடியும் கடகடன்னு இறங்கித் தெருவுக்கே போயிட்டேன். முட்டி வலியோட நீ எப்படி இறங்குவேன்னு அங்க நின்னப்பத்தான் உறைச்சுது. நீ வீட்டுல இல்லங்கிறதே மறந்து, திரும்ப மேல ஏறி வந்து உன்னைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டு மெரின் சிரிக்குது.

சாயந்திரம் ரெண்டு பேருமா ஒருவாட்டி இறங்கிப் பார்க்கலாம், உன் வேகத்துல.